விட்ட பாத்தியிலிருந்து

நெல்லியடியிலும் வடமராட்சியின் மற்ற ஊர்களிலும் கைபேசிச் செயலி எழுதும் தம்பி தங்கையருக்கு,

வெங்காயத் தோட்டத்தில் இறைப்பு நடக்கும்போது மெசின் நின்றுவிட்டால் தோட்டக்காரர் என்ன செய்வார் என்பது உங்களுக்குத் தெரியும். பத்தாவது பாத்தியில் நின்றிருந்தால், மெசினைத் திருத்தியதும் பத்தாவது பாத்திக்கே தண்ணீரைத் திருப்புவார். ஏற்கெனவே நனைந்த ஒன்பது பாத்திகளையும் மறுபடி நனைத்து எண்ணெயை வீணாக்கமாட்டார். நாங்கள் எழுதும் செயலிகள் பலவற்றில் இந்த எளிய வழக்கம் இல்லை. 40 மெகாபைட் கோப்பில் 38 மெகாபைட் போன பிறகு இணைப்பு அறுந்தால், அடுத்த முயற்சி சுழியத்திலிருந்து தொடங்குகிறது. அந்த 38 மெகாபைட்டுக்கும் காசு கொடுத்தவர் செயலியைப் பாவிப்பவர். ரீலோட் போட்டு வாங்கிய டேட்டா அது. நாள் முடிந்தால் காலாவதியாகும் டேட்டா. இந்த மடலில் நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரியாத தரவேற்றமும் தரவிறக்கமும் முடிக்கப்படாத வேலைகள். அறுந்த இணைப்பின் மேல் பழியைப் போட்டுவிட்டு வேலை முடிந்ததாகக் கணக்குக் காட்டக்கூடாது.

பேச்சை விட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கைபேசி செக்கனுக்கு 1 மெகாபிட் வேகத்தில் கோப்பை அனுப்புகிறது என்று வையுங்கள். இணைப்பு எப்போது அறும் என்று சொல்லமுடியாது, ஆனால் சராசரியாக மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம் அறுகிறது. 40 மெகாபைட் கோப்பு, தடையில்லாவிட்டால் 5 நிமிடம் 20 செக்கனில் போய்விடும். ஒவ்வொரு தடைக்கும் முதலிலிருந்து தொடங்கினால், ஒரு முயற்சி இடையில் அறாமல் முடியும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறில் ஒன்று. சராசரியாகக் கிட்டத்தட்ட 15 நிமிடமும் 110 மெகாபைட் டேட்டாவும் செலவாகும். அதே கோப்பை 1 மெகாபைட் துண்டுகளாக அனுப்பி, அறுந்த துண்டை மட்டும் திரும்ப அனுப்பினால் ஐந்தரை நிமிடத்தில் முடிந்துவிடும்; செலவு 41 மெகாபைட். கோப்பு 100 மெகாபைட்டாக இருந்தால் என்ன ஆகும்? இங்கேதான் கணக்கு பயமுறுத்துகிறது. கோப்பு இரண்டரை மடங்குதான் பெருத்தது. ஆனால் ஒரே மூச்சில் முடியும் வாய்ப்பு 85இல் ஒன்றாகச் சுருங்குகிறது. முதலிலிருந்து தொடங்கும் செயலிக்குச் சராசரி நான்கு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். 1,890 மெகாபைட் எரியும். துண்டு துண்டாக அனுப்பும் செயலிக்கு 14 நிமிடம், 102 மெகாபைட். நான் எடுத்த வேகமும் இடைவெளியும் வெறும் எடுத்துக்காட்டுகள், உங்கள் ஊர்க் கணக்கை நீங்களே வைத்துப் போடலாம். எந்த எண்களை வைத்தாலும் ஒன்று மாறாது. முதலிலிருந்து தொடங்கும் முறையில் செலவு கோப்பின் அளவோடு ஒப்பிட்டால் மிக வேகமாகப் பெருகும். தொடரும் முறையில் அளவுக்கு ஏற்றபடி மட்டும் கூடும்.

இந்தக் குறை யாருடைய சோம்பலாலும் வந்ததில்லை, பழைய முறையிலிருந்து எங்களுக்கு வந்து சேர்ந்தது. இணையப் படிவத்தின் வழியே கோப்பு அனுப்பும் முறை 1995இல் எழுதப்பட்டது. மேசைக் கணினி, சுவரிலிருந்து வரும் கேபிள், அசையாமல் இருக்கும் ஆள் ஆகிய மூன்றையும் மனதில் வைத்து வந்த முறை அது. கோப்பு முழுவதும் ஒரே கோரிக்கையாகப் போகும். இடையில் நின்றால் சேர்வரின் கையில் ஒன்றும் இருக்காது. தரவிறக்கத்துக்கு மட்டும் விமோசனம் சீக்கிரமே கிடைத்தது. 1997இல் வெளிவந்த எச்டிடிபி 1.1இல், இன்ன பைட்டிலிருந்து இன்ன பைட்வரை மட்டும் தா என்று கேட்கும் வசதி இருந்தது; அதற்கு 206 என்ற மறுமொழி. அதற்கும் முன்பே, 1985இல் எழுதப்பட்ட எஃப்டிபி நெறிமுறையில் விட்ட இடத்திலிருந்து தொடங்கும் கட்டளை ஒன்று இருந்தது. ஆக, தொடர்தல் புதுக் கண்டுபிடிப்பில்லை. எங்கள் கைக்கு முதலில் வரும் நூலகங்களும் பாடக் காணொளிகளும் 1995இன் வழியையே காட்டுகின்றன. நாங்களும் அதைப் பிரதிசெய்து போய்க்கொண்டிருக்கிறோம்.

இந்த மண்ணில் தடை என்பது எப்போதோ ஒரு நாள் வரும் விருந்தாளி இல்லை. மின்சாரமே இல்லாத 1990களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட குடாநாடு இது. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின் வெட்டு இருந்தது. கைபேசிக் கோபுரங்களுக்கும் மின்சாரம் வேண்டும். வெட்டு நீளும்போது பற்றரி இறங்கும், ஜெனரேற்றருக்கு ஊற்ற அப்போது டீசலும் இல்லை. அதே மாதம் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. கடதாசி இல்லாத போது பிள்ளையின் பாடம் கோப்பாகத்தான் வரவேண்டும். கோப்பு வருவதற்குக் கரண்ட் வேண்டும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி மறுபடியும் தீவு முழுவதும் மின்சாரம் போனது. இவை பெரிய தடைகள், எல்லோருக்கும் நினைவிருப்பவை. சின்னத் தடைகளை எவரும் குறித்துவைப்பதில்லை. நெல்லியடிச் சந்தியில் பஸ் ஏறும் ஒருவர் கடையின் வைபையிலிருந்து தன் டேட்டாவுக்கு மாறுகிறார். அந்த நொடியில் கைபேசியின் இணைய முகவரி மாறுகிறது, பழைய முகவரியோடு கட்டப்பட்டிருந்த இணைப்பு செத்துப்போகிறது. வல்லைவெளியைக் கடக்கும்போது கோபுரம் மாறுகிறது. ஓர் அழைப்பு வருகிறது. நினைவகம் போதாத மலிவு கைபேசி, பின்னால் ஓடும் செயலியைக் கொன்று முன்னால் இருப்பதற்கு இடம் கொடுக்கிறது. இந்தச் சின்னத் தடைகளில் எந்த ஒன்றுக்கும் நிறுவனத்தையோ அரசையோ குறை சொல்ல முடியாது. கைபேசி என்றாலே நடமாடுவது. நடமாடுவது இடையில் அறும்.

காலம் மாறுகிறது, இணைப்பு நன்றாகி வருகிறது, இன்னும் இரண்டு வருடத்தில் இந்தக் கதையே தேவைப்படாது என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான மறுப்புத்தான். ஃபைபர் ஊருக்குள் வந்திருக்கிறது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. 2021இல் தரமாக்கப்பட்ட குவிக் நெறிமுறை, முகவரி மாறினாலும் இணைப்பு சாகாமல் இருக்க வழி வைத்திருக்கிறது. இவை எல்லாம் நல்லவை. ஆனால் செயலி கொல்லப்பட்டால் குவிக்கும் சேர்ந்தே சாகும். பற்றரி தீர்ந்த கைபேசிக்கு வானத்திலிருந்து எத்தனை செய்மதி பார்த்துக்கொண்டிருந்தாலும் பயனில்லை. வேகம் கூடும்போது கோப்பும் கூடுகிறது என்பதையும் கவனியுங்கள். வேகம் நாலு மடங்கானால் கமராவும் நாலு மடங்கு பெரிய காணொளியை எடுக்கத் தொடங்கிவிடுகிறது. மேலே போட்ட கணக்கில் முக்கியமானது வேகம் தனியே இல்லை, ஒரு கோப்பு போய்ச்சேர எடுக்கும் நேரத்துக்கும் இரண்டு தடைகளுக்கு இடைப்பட்ட நேரத்துக்கும் உள்ள விகிதம். கடந்த இருபது வருடத்தில் எண்கள் மாறியிருக்கின்றன. விகிதம் எங்களுக்குச் சாதகமாகப் பெரிதாக மாறியதாக எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு மறுப்பு: எல்லாரும் வட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்கிறார்கள், நாங்கள் ஏன் மினக்கெட வேண்டும்? கொவிட் காலத்தில், 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு, ஆசிரியர்கள் பாடத்தையும் பிள்ளைகள் விடைத்தாளையும் அதில்தான் அனுப்பிக்கொண்டார்கள். மக்கள் அதை நம்பக் காரணமே, அறுந்ததைத் தொடர அது முயல்கிறது என்பதுதான். ஆகவே இந்த எடுத்துக்காட்டு என் பக்கத்துக்கே சாட்சி சொல்கிறது. அதோடு, படமாக அனுப்பும்போது வட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடுகிறது. கலியாணப் படத்துக்கு அது போதும். காணி உறுதிக்குப் போதாது. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சகோதரருக்குப் பழைய உறுதி ஒன்றைப் படமெடுத்து அனுப்புகிறார்கள் என்று வையுங்கள். பரப்பும் குழியும் பின்னமாக எழுதப்பட்ட இடத்தில் ஒரு கோடு மங்கினால் எல்லை மாறும். தமிழ் எழுத்துக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். மெய்யையும் உயிர்மெய்யையும் பிரிப்பது ஒரு புள்ளி. மிகையாகச் சுருக்கிய ஜேபெக்கில் முதலில் அழிவது அந்தப் புள்ளிதான். "சுருக்கிவிட்டால் கோப்புச் சின்னதாகும், தொடர்தல் தேவைப்படாது" என்று சொல்பவர்கள் இதை யோசிக்கவேண்டும். விடைத்தாள் படத்தை நீளப் பக்கம் 1,600 புள்ளிகளுக்குக் குறைப்பது சரி. உறுதியையும் மருத்துவ அறிக்கையையும் வந்தபடியே அனுப்பவேண்டும், அதுவும் அறாமல் போய்ச்சேரவேண்டும். எதைச் சுருக்கலாம் எதைச் சுருக்கக்கூடாது என்பதைச் செயலியை எழுதுபவர்தான் ஆவணத்தின் வகை பார்த்து முடிவுசெய்யவேண்டும்.

இரண்டு மூன்று பேர் கொண்ட குழு, இதற்கெல்லாம் நேரமில்லை என்பதுதான் நான் மிகவும் மதிக்கும் மறுப்பு. யாழ் ஐடி ஹப் நடத்தும் யாழ் கீக் சலஞ்ச் போன்ற போட்டிக்குக் குறித்த நாளுக்குள் ஒன்றைக் காட்டவேண்டும் என்றால் தரவேற்றத்தில் ஒரு கிழமையைச் செலவழிக்க மனம் வராது. ஆனால் பெரும்பகுதி வேலையை வேறு ஆட்கள் ஏற்கெனவே செய்துவைத்திருக்கிறார்கள். டஸ் என்ற திறந்த நெறிமுறை இதற்காகவே எழுதப்பட்டது: எத்தனை பைட் வந்துசேர்ந்தது என்று கைபேசி முதலில் கேட்கும், சேர்வர் எண்ணைச் சொல்லும், அந்த எண்ணிலிருந்து மிச்சம் போகும். அன்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் அதற்கு நூலகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கூகிள் டிரைவ் தன் தரவேற்றத்தை 256 கிலோபைட்டின் மடங்குகளான துண்டுகளாக ஏற்கிறது; அமேசானின் எஸ்3 களஞ்சியம் 2010இலிருந்தே பல பாகத் தரவேற்றத்தைத் தருகிறது. அன்ட்ராய்டின் வேர்க்மனேஜரிடம் வேலையை ஒப்படைத்தால், கைபேசி நின்று திரும்ப எழுந்த பிறகும் அது வேலையை மறக்காது. ஐபோனில் 2013இலிருந்து, செயலி பின்னால் போன பிறகும் பரிமாற்றத்தை இயங்குதளமே நடத்தும் வசதி உண்டு. அதற்குக் கோப்பு நினைவகத்தில் இல்லாமல் சேமிப்பகத்தில் இருக்கவேண்டும் என்ற ஒரு நிபந்தனையையும், பாவிப்பவர் செயலியை மேலே தள்ளி மூடிவிட்டால் அந்த வேலை கைவிடப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் கையில் உண்மையாக மிஞ்சும் வேலை, நூலகங்கள் செய்துதராத சில நுணுக்கங்கள். நேரம் இருந்தால் இங்கே செலவழியுங்கள். முதலாவது, பதில் தொலைவது. கோப்பு முழுவதும் சேர்வருக்குப் போய்விட்டது, ஆனால் "கிடைத்தது" என்ற பதில் வரும் வழியில் இணைப்பு அறுந்தது. கைபேசிக்குத் தோல்வி, சேர்வருக்கு வெற்றி. பாவிப்பவர் மறுபடி அழுத்துகிறார். ஒரு விண்ணப்பம் இரண்டாகிறது, கட்டணமும் இரண்டு தரம் போகலாம். இதற்கு மருந்து, அனுப்பத் தொடங்கும்போதே கைபேசி ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கிக் கோப்போடு அனுப்புவது; அதே எண் திரும்ப வந்தால் சேர்வர் புதிதாக ஒன்றைத் திறக்காமல் பழைய பதிலையே கொடுக்கவேண்டும். இரண்டாவது, ஆள்மாறாட்டம். நேற்று ஒரு பாடக்குறிப்பில் பாதி இறங்கியது. இரவோடிரவாக ஆசிரியர் அதைத் திருத்தி அதே பெயரில் ஏற்றிவிட்டார். இன்று மிச்சப் பாதி இறங்குகிறது. முன்பாதி பழையது, பின்பாதி புதியது, கோப்புத் திறக்காது. திறந்தால் அதைவிட மோசம். சேர்வர் தரும் ஈடேக் என்ற கைரேகையைச் சேமித்துவைத்து, அது மாறாமல் இருந்தால் மட்டும் மிச்சத்தைத் தா, மாறியிருந்தால் முழுவதையும் தா என்று கேட்கவேண்டும். மூன்றாவது, அரைகுறையை முழுதென்று காட்டுவது. இறங்கிக்கொண்டிருக்கும் கோப்புக்குத் தற்காலிகப் பெயர் இருக்கட்டும். கடைசி பைட்டும் வந்து, ஷா-256 சரிபார்ப்பும் பொருந்திய பிறகே உண்மைப் பெயரைக் கொடுங்கள்.

பெயர் என்றதும் தமிழில் பெயர் வைக்கும்போது வரும் ஒரு சங்கடத்தைச் சொல்லாமல் விடமுடியாது. தொண்டைமானாறு என்ற பெயரில் ஒரு கோப்பை வைத்துக்கொள்ளுங்கள். அதன் முதலெழுத்தில் இருக்கும் ஒகரக் குறியை யுனிகோட்டில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியீடாக, அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ஒரு விசைப்பலகையில் அடித்த பெயரை வைத்து, இன்னொரு இயங்குதளம் சேமித்த பெயரைத் தேடினால் அகப்படாது. பாதி ஏறிய கோப்பு அநாதையாகக் கிடக்க, செயலி புதிதாக ஒன்றைத் தொடங்கும். நீளமும் சிக்கல்தான். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். அன்ட்ராய்டும் லினக்ஸ் சேர்வர்களும் பாவிக்கும் கோப்பமைப்பில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் எல்லை. ஆகவே 85 குறியீடுகளுக்கு மேல் போகமுடியாது, புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் அது உடனே நிறைந்துவிடும். நெல்லியடி என்ற சின்னப் பெயரே 27 பைட். இணைய முகவரிக்குள் போகும்போது 81 எழுத்தாகப் பெருகும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்த செயலி இதை ஒருநாளும் கண்டுபிடிக்காது. கோப்பை அடையாள எண்ணால் சேமியுங்கள், தமிழ்ப் பெயரைக் காட்டுவதற்கு மட்டும் வையுங்கள், ஒப்பிடவேண்டி வந்தால் முதலில் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். தமிழில் பெயர் வைத்தவருக்கு "கோப்புப் பெயர் செல்லாது" என்று பதில் சொல்வது என் பார்வையில் அவமரியாதை.

பாவிப்பவரோடு எப்படிப் பேசுகிறோம் என்பதும் இதே வாதத்தின் பகுதிதான். எவ்வளவு போனது என்று எங்களுக்குத் தெரியும்போதுதான் அவருக்கு உண்மையைச் சொல்லமுடியும். "நெற்வேர்க் எரர்" என்ற இரண்டு சொல்லில், போனதா போகவில்லையா, காசு போனதா, மறுபடி அழுத்தலாமா என்ற எந்தக் கேள்விக்கும் விடையில்லை. "இணைப்பு அறுந்தது. 23 மெகாபைட் சேர்ந்துவிட்டது, மிச்சம் 17, இணைப்பு வந்ததும் தானாகப் போகும்" என்று எழுதினால் அவர் போனைப் பையில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். நூறு வீதம் என்று காட்டுவதும் சேர்வர் சேமித்துவிட்டதாகச் சொன்ன பிறகாக இருக்கட்டும். கைபேசியை விட்டுப் பைட்டுகள் கிளம்பியதும் நூறு என்று காட்டுவது பொய். தரவிறக்கத்தில் இன்னொரு மரியாதை, அளவை முன்கூட்டியே சொல்வது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இதற்கு எங்கள் கண்முன் இருக்கும் நல்ல முன்மாதிரி. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் வருடி வைத்திருக்கும் அந்தத் தளத்தில், நூலின் இணைப்புக்குப் பக்கத்திலேயே அது எத்தனை மெகாபைட் என்று அடைப்புக்குள் எழுதியிருக்கும். ரொறன்ரோவில் இருக்கும் வாசகருக்கு அந்த எண் ஒரு பொருட்டே இல்லை. கரவெட்டியில் மிச்ச டேட்டாவை எண்ணிக்கொண்டிருக்கும் மாணவிக்கு, இன்றைக்கு இறக்குவதா நாளைக்கா என்று தீர்மானிக்க அதுதான் துணை.

அரைகுறைக் கோப்புகளை வைத்திருந்தால் சேர்வரில் இடம் நிறையும், காசு போகும் என்று கணக்குப் பார்ப்பவர்களும் உண்டு. உண்மைதான்; எஸ்3இல் முடிக்காத பாகங்களுக்கும் கட்டணம் வரும். இத்தனை நாளுக்குப் பிறகு தானாக அழி என்று ஒரு விதியை எழுதிவைத்தால் அது தீரும். எத்தனை நாள் என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். கூகிள் தன் தரவேற்ற அமர்வை ஒரு கிழமை உயிரோடு வைத்திருக்கிறது. ஒரு மணித்தியாலத்தில் அழித்துவிடும் செயலி, 2022இன் 13 மணித்தியால வெட்டில் ஒருவருக்கும் உதவியிருக்காது. மறுபக்கத்தில், வைத்திருக்கும் பாதி அடையாள அட்டைப் படமும் ஒருவருடைய தனிப்பட்ட தரவு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. தரவேற்றத்தைத் தொடர்வதற்கான இணைய முகவரி ஒரு சாவி போன்றது, அதை வைத்திருப்பவர் எவரும் திறக்கலாம் என்ற நிலையில் விடாமல், உரியவரின் கணக்கோடு கட்டிவையுங்கள்.

அடுத்த வெளியீட்டுக்கு முன்னர் ஒரு சோதனையைச் செய்துபாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அலுவலக வைபையில் வேண்டாம். மலிவான பழைய கைபேசி ஒன்றில் 40 மெகாபைட் கோப்பைத் தமிழ்ப் பெயரோடு வைத்து, நெல்லியடிச் சந்தியில் ஒரு கடையின் வைபையில் அனுப்பத் தொடங்கிவிட்டு யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறுங்கள். வல்லைவெளியில் கைபேசியை ஒரு தரம் நிறுத்தி எழுப்புங்கள். அதன் பிறகு ஒரு தரம் விமானப் பயண நிலைக்கு மாற்றித் திருப்புங்கள். இடையில் கமராவைத் திறந்து நாலு படம் எடுங்கள். பஸ் நிலையத்தில் இறங்கியதும் சேர்வரின் பதிவேட்டில் இரண்டு எண்களைப் பாருங்கள்: எத்தனை மெகாபைட் உள்ளே வந்தது, எத்தனை கோப்பு உருவானது. முதலாவது 44க்கு மேல் இருந்தாலோ, இரண்டாவது ஒன்றுக்கு மேல் இருந்தாலோ, வெளியீட்டை ஒரு கிழமை தள்ளிப்போடுங்கள்.

அன்புடன்,
நெல்லியடியிலிருந்து ஒரு நிரலாளர்